நீட்டுக்குப் பிறகு விலங்கியலா, பயோடெக்னாலஜியா?

கேள்வி: வணக்கம் மேடம். நான் திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இரண்டு முறை நீட் எழுதிவிட்டேன். இந்த முறை உயிரியலில் 360க்கு 271 வாங்கினேன். இயற்பியலில் 40கூடத் தாண்டவில்லை. இன்னொரு வருடம் வீட்டிலிருந்து படிக்கச் சொல்கிறார் அண்ணன். பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் கிடைக்கும். அப்பாவோ, “விலங்கியல் படிச்சா யாரு வேலை தருவா? கடன உடன வாங்கியாவது கோயம்புத்தூர்ல பயோடெக்னாலஜி சேத்துவிடுதேன்” என்கிறார். “டீச்சர் வேலைதான் உண்டு, அதுவும் கிடைக்காது” என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு உயிரியல் படிக்க அலுப்பதே இல்லை. ஆனால் பிடித்ததைப் படித்துவிட்டு வீட்டுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் மேடம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்பு மகளுக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். இன்னோர் ஆண்டை நீட்டுக்குக் கொடுக்காதே. கடன் வாங்கிப் பயோடெக்னாலஜியிலும் சேராதே. அரசுக் கல்லூரியில் விலங்கியல் சேர். ஆனால் மருத்துவம் கிடைக்காதவள் ஒதுங்க வந்த இடம் என்று நினைத்துக்கொண்டு அங்கே போகாதே.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். அரசுக் கல்லூரியில் நெடுங்காலமாக விலங்கியல் நடத்தி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் முதலாமாண்டு வகுப்புக்குள் போனால், “நான் இங்கே இருக்க வேண்டியவளே இல்லை” என்ற முகத்தோடு பலர் உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்கு முதல் செமஸ்டரிலேயே அந்த முகம் மாறிவிடும். சிலருக்கு மூன்றாம் ஆண்டிலும் மாறாது. நான் பார்த்தவரை, அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை எப்படிப் போனது என்பதை +2 மதிப்பெண்ணை விட இந்த மாற்றம்தான் அதிகம் தீர்மானித்திருக்கிறது.

நீட் பற்றிச் சுருக்கமாக. உன் மதிப்பெண்ணே நிலைமையைத் தெளிவாகச் சொல்கிறது. உயிரியலில் நான்கில் மூன்று பங்கு வாங்கிவிட்டாய். இனி அதில் ஏறக்கூடியது கொஞ்சம்தான். ஏற வேண்டியது இயற்பியல். அது இரண்டு ஆண்டு உழைத்தும் ஏறவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளியில் படித்த உனக்குக் கிடையாது. மனம் கேட்கவில்லை என்றால் கல்லூரியில் படித்துக்கொண்டே இன்னொரு முறை எழுதிப் பார். நீட் மே மாதம் வரும், இரண்டாம் செமஸ்டர் தேர்வும் அதையொட்டித்தான் வரும் என்பதை மட்டும் நினைவில் வை. அத்தோடு அந்தக் கதவைச் சாத்திவிடு.

உன் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன். கால்நடை மருத்துவம், மீன்வளம், வேளாண்மை, வனவியல் ஆகியவற்றுக்கு விண்ணப்பித்தாயா? தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும், மீன்வளப் பல்கலைக்கழகமும், வேளாண் பல்கலைக்கழகமும் மாநில ஒதுக்கீட்டு இடங்களை நீட் இல்லாமல் +2 மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகின்றன. வனவியல் பட்டப்படிப்பு மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் இருக்கிறது. நீட் ஒன்றையே பார்த்துக்கொண்டு இந்த விண்ணப்பங்களைத் தவறவிடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன், மனசு ஆறுவதில்லை. இந்த ஆண்டுக் கடைசி நாள் தாண்டவில்லை என்றால் இன்றைக்கே போடு. கிடைத்தால் யோசிக்காமல் போ. கிடைக்காவிட்டால் இந்தப் பதிலைத் தொடர்ந்து படி.

இதுவரை நீ படித்த உயிரியல் விடை தெரிந்த உயிரியல். நான்கு விடைகளில் சரியானதைத் தொடுவது ஒரு திறமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். கல்லூரியில் பாடம் வேறு மாதிரி. மரபுப் பண்புகள் தலைமுறைகளில் எப்படி வரும் என்று சொல்லும் மெண்டலின் 3:1 விகிதம் உனக்கு மனப்பாடம். இரண்டாம் ஆண்டு மரபியல் செய்முறையில் அதைப் பழ ஈயில் நீயே செய்து பார்க்க வேண்டியிருக்கும். வழக்கமான இறக்கை உள்ள ஈயையும் குட்டை இறக்கை ஈயையும் கலக்கவிட்டு, பேரன் பேத்தித் தலைமுறையை எண்ணுவாய். 200 ஈக்கள் இருந்தால் 150க்கு 50 வர வேண்டும். உனக்கு 165க்கு 35 வருகிறது என்று வைத்துக்கொள். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு 140க்கு 60 வந்திருக்கிறது. மெண்டல் சொன்னது பொய்யா? நீ எண்ணியது தப்பா? தற்செயலாக இவ்வளவு விலகலாமா?

கை-வர்க்கச் சோதனை (chi-square test) என்று ஒரு கணக்கு இருக்கிறது. எதிர்பார்த்த எண்ணுக்கும் கிடைத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, இரண்டு வகைக்கும் கூட்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 2.67 வரும். உனக்கு 6 வரும். இப்படி இரண்டே வகை இருக்கும்போது 3.84 வரைக்கும் தற்செயல் என்று விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் வேறு காரணம் தேட வேண்டும். அவளுடைய கணக்கு அங்கே முடிந்துவிடும். உன்னுடையது அங்கேதான் தொடங்கும். ஏன் குட்டை இறக்கை ஈக்கள் குறைந்தன? ஒரு காரணம் இருக்கலாம்: அவை பலவீனமானவை, பறக்கத் தெரியாது, பாட்டிலின் அடியில் உள்ள உணவுக் கூழில் ஒட்டிக்கொண்டு சாகும். பிறந்தபோது 3:1 ஆகவே இருந்திருக்கலாம், நீ எண்ணும்போது இல்லை. அப்படியானால் அதை எப்படி நிரூபிப்பாய்? கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த உடனே எண்ணினால் தெரியுமா? இந்தக் கேள்வி தானாக மனதில் எழும் நாளில் நீ உயிரியல் மாணவி ஆகிவிட்டாய் என்று வைத்துக்கொள்.

ரெக்கார்டு நோட்டில் 150:50 என்று அழகாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. உனக்கு வந்த 165:35ஐயே எழுது. ஒரு மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும்.

இதிலிருந்தே இன்னொன்றும் உனக்குப் புரிந்திருக்கும். இயற்பியலும் கணக்கும் பிடிக்காது என்பதால் விலங்கியலுக்கு வருகிறேன் என்றால், அவை இங்கேயும் உன்னைத் தேடி வரும். சாதாரண நுண்ணோக்கியில் 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகளை ஏன் பிரித்துப் பார்க்க முடியாது என்பது ஒளியின் இயற்பியல். உயிர்ப்புள்ளியியல் தனிப் பாடமாகவே வரும். நீட் இயற்பியல் உன்னைப் பயமுறுத்தியது ஒரு நிமிடத்தில் ஒரு கணக்கு என்ற அவசரத்தால் என்பது என் ஊகம். இங்கே அந்த அவசரம் இல்லை. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் அளவுக்கு, நிதானமாகப் படிக்கலாம். பயப்படாதே.

இனி அப்பாவின் கவலை. அது நியாயமான கவலை. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் சரியில்லை. பயோடெக்னாலஜி நல்ல துறை. ஆனால் பெயரில் டெக்னாலஜி இருப்பதால் வேலை உறுதி என்று நினைப்பது தவறு. அந்தத் துறையில் நல்ல வேலை பெரும்பாலும் எம்.எஸ்சி.க்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். பி.எஸ்சி.யோடு வெளியே வருகிற பயோடெக்னாலஜி மாணவியும் விலங்கியல் மாணவியும் அநேகமாக ஒரே வேலைக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் ஒருத்தி கடனோடு நிற்கிறாள், இன்னொருத்தி கடனில்லாமல் நிற்கிறாள். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் இப்போது புதுமைப்பெண் திட்டம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து +2 வரை அப்படிப் படித்திருந்தால் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்கிலேயே விழும்.

அரசு வேலை என்று பார்த்தால் பழைய பெயர்களுக்குத்தான் இன்னும் மதிப்பு. இது பலருக்குத் தெரிவதில்லை. இந்திய வனப் பணித் தேர்வை எடுத்துக்கொள். விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றையாவது பாடமாகப் படித்த பட்டம் வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பயோடெக்னாலஜி அந்தப் பட்டியலில் பெயராக இல்லை. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தனித்தனி முதுநிலை ஆசிரியர்கள் இருப்பதை நீயே பார்த்திருப்பாய். அந்தப் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும், பி.எட். வேண்டும். பி.எஸ்சி. ஒன்றிலும் எம்.எஸ்சி. வேறொன்றிலும் படித்துவிட்டு, இணைத்தன்மை அரசாணை தேடித் துறை துறையாக அலையும் பழைய மாணவர்கள் எனக்கு இன்னும் போன் செய்கிறார்கள். ஆகவே புதுமையாகப் பெயர் வைத்த எந்தப் பட்டத்தில் சேர்வதாக இருந்தாலும், அது எந்தப் பாடத்துக்கு இணை என்று ஆணை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேரச் சொல்லுவேன்.

சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆசிரியர் பணியிடம் அறிவிப்பு வந்தால்தான் உண்டு, போட்டியும் கடுமை. அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஆனால் அது ஒன்றுதான் வழி என்பது தப்பு. பி.எஸ்சி. விலங்கியலோடு என் மாணவர்கள் போயிருக்கும் இடங்களைச் சொல்கிறேன். சென்னை, கோவை, திருச்சியில் மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடாக்கும் வேலை) நிறுவனங்கள் இருக்கின்றன. உடற்கூறியல் நன்றாகத் தெரிந்தவர்களை எடுக்கிறார்கள், முதல் சம்பளம் குறைவு, சான்றிதழ்த் தேர்வு முடித்தால் ஏறும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. மருந்துக் கம்பெனிகளில் தரக் கட்டுப்பாடு, விற்பனைப் பிரதிநிதி வேலை. கருத்தரிப்பு மையங்களில் எம்ப்ரியாலஜி (கருவியல்) வேலைக்கு அதற்கான முதுநிலைப் படிப்பு வேண்டும். கோழிக் குஞ்சின் கருவை 24 மணி, 48 மணி என்று ஸ்லைடில் பார்த்து அசந்துபோன ஒரு பெண் அந்த வழியில்தான் போனாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்றால் பி.எஸ்சி. விலங்கியல் போதாது, அதற்கு டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம்) போன்ற தனிப் படிப்பு இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் போதும். பி.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு உடனே பெரிய சம்பளம் என்று எதிர்பார்க்காதே. அதை அப்பாவிடமும் மறைக்காதே.

உனக்கு நான் நினைப்பது வேறு வழி. அலுக்காமல் படிக்கிறவள் பி.எஸ்சி.யோடு நிற்கக் கூடாது. மூன்றாம் ஆண்டுப் பிப்ரவரியில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு வரும். அதில் பயோடெக்னாலஜி தாள் எழுது. விலங்கியல் மாணவர்கள் தாராளமாக எழுதலாம். ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் அது வாசல். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட் முதுநிலைத் தேர்வு. திருவாரூரும் புதுச்சேரியும் அதில் அடக்கம். கடல் பிடிக்கும் என்றால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் இருக்கிறது. காடு பிடிக்கும் என்றால் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் படிக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் பேர்பெற்றது, உனக்குப் பக்கமும்கூட. எம்.எஸ்சி. முடித்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் ஆராய்ச்சி செய்ய மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. படிக்கப் படிக்கச் சம்பளம் வரும் நிலை அது. அப்பாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லு. எம்.எஸ். சுவாமிநாதன்கூட முதலில் வாங்கியது விலங்கியல் பட்டம்தான். அதன் பிறகே கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குப் போனார். விலங்கியல் உன்னை ஒரே தொழிலில் கட்டிப்போடாது.

நீ கேட்காமல் விட்டாலும் உன் மனதில் இருக்கும் கேள்வி ஆங்கிலம். அரசுக் கல்லூரியில் தமிழ் வழியிலேயே படிக்கலாம், தேர்வும் எழுதலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. தமிழில் புரிந்துகொண்டவள்தான் உறுதியாகப் புரிந்துகொண்டவள். ஆனால் ஜாம் தேர்வு ஆங்கிலத்தில், ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆங்கிலத்தில். இதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டாதே. நம் பாடநூல் கழகத்தின் +2 உயிரி-விலங்கியல் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இறக்கிக்கொள், காசு கிடையாது. இரண்டிலும் அதே பாடம், அதே படம். உனக்கு மனப்பாடமான பாடத்தை ஆங்கிலத்தில் பத்தி பத்தியாகப் படி. அர்த்தம் முன்பே தெரியும் என்பதால் மொழி மட்டும்தான் புதிது. முதல் செமஸ்டருக்குள் அதை முடித்துவிட்டால் இரண்டாம் ஆண்டில் ஆங்கிலப் பாடப் புத்தகங்களை நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம், ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். என் மாணவிகள் பலர் இப்படித்தான் ஆங்கிலத்துக்குள் வந்தார்கள்.

ஆய்வகம் சிறியதாகத்தான் இருக்கும், அதை ஒளிக்க விரும்பவில்லை. நல்ல நுண்ணோக்கிகள் சிலதான் இருக்கும், அதற்கும் வரிசை நிற்க வேண்டும். உபகரணம் இல்லை என்று மூன்றாண்டும் குறைப்பட்டுக்கொண்டே போகிறவர்கள் உண்டு. நீ செய்முறை வகுப்பு முடிந்ததும் இன்னும் அரை மணி நேரம் இருக்கிறேன் என்று கேள். எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். வெங்காய வேர் நுனியில் செல் பிரிவை நீயே சாயமேற்றி, நசுக்கி, நான்கு நிலைகளையும் கண்டுபிடிக்கும்வரை விடாதே. இரண்டாம் ஆண்டிலேயே இந்திய அறிவியல் அகாடமியின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று முன்கூட்டியே பார்த்து வை. கிடைத்தால் இரண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வகத்தில் வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு.

உன் மாவட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோயம்புத்தூரில் கட்டணம் கட்டிப் படிக்கிறவர்களுக்குக் கிடைக்காத ஆய்வகம் உன் ஊரைச் சுற்றி இருக்கிறது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம்: கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, குளிர்காலத்தில் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருகிறது. மேற்கே களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். நடுவில் தாமிரபரணி, அதன் குளங்கள். 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, கல்லூரி மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முதலாமாண்டிலேயே போய்விடு. ஒரே குளத்தை மூன்றாண்டும் எண்ணி, எந்தப் பறவை எப்போது வந்தது, எத்தனை வந்தது என்று தேதியோடு எழுதி வைத்தாயானால், எம்.எஸ்சி. நேர்காணலில் உன்னிடம் பேச ஒரு விஷயம் இருக்கும். பலரிடம் மதிப்பெண் பட்டியல் மட்டும்தான் இருக்கும்.

வீட்டுக்குப் பாரம் ஆகிவிடுவேனோ என்று கேட்டிருந்தாய். கட்டணம் ஏறக்குறைய இல்லை, மாதம் ஆயிரம் ரூபாய் வரும், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. மூன்றாண்டு முடிந்து எம்.எஸ்சி. கிடைத்தால் போ. கிடைக்காவிட்டால் ஒரு வேலையில் சேர்ந்துகொண்டு அடுத்த ஆண்டு மறுபடி எழுது. கடன் இல்லாத வீட்டில்தான் இந்த இரண்டாவது வாய்ப்பு உனக்குக் கிடைக்கும். கடன் இருந்தால் தவணை உன்னை விடாது. அப்பா உனக்காகக் கடன்படத் தயாராக இருப்பது எவ்வளவு பெரிய அன்பு என்று எனக்குத் தெரிகிறது. அந்தத் துணிவை மூன்றாண்டு கழித்து, வெளியூர் எம்.எஸ்சி.க்கு விடுதிச் செலவு வரும்போது கேட்டு வாங்கிக்கொள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் விலங்கியலை முதல் விருப்பமாகவும் தாவரவியலை இரண்டாவதாகவும் கொடு. கல்லூரியில் விலங்கியலுக்கு அலைடு (துணைப்) பாடமாக வேதியியல் இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் நேரில் போய்க் கேள், பின்னால் எம்.எஸ்சி.க்கு அது உதவும். போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு பேரிடம் அவரைப் பேச விடு.